லிட்டருக்குப் பன்னிரண்டு

ஜனவரி 6, புதன்

ராத்திரி சாப்பிடும்போது அப்பா ஒரே ஒரு எண்ணைச் சொன்னார்.

"பன்னெண்டு."

அம்மா தோசைக் கரண்டியோடு அப்படியே நின்றாள். நான் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

எங்கள் கார் சின்னக் கார். பழையது. லிட்டருக்குப் பதினெட்டு கிலோமீட்டர் கொடுக்கும் என்பதில் அப்பாவுக்கு அவ்வளவு பெருமை. எப்போதும் டேங்க் நிரம்ப அடிப்பார். போன தடவை மீட்டரில் இருந்த எண் அவர் மனத்திலேயே இருக்கும். பங்க்கில் நின்றபடியே கழித்து, வகுத்து, விடையோடுதான் வீட்டுக்கு வருவார். இரண்டு மாதமாக அந்த விடை இறங்கிக்கொண்டே போகிறது.

"வண்டி பெட்ரோலக் குடிக்கி. பிப்ரவரி கடைசிக்குள்ள சரியாவலன்னா வித்துருவேன். புரோக்கர்ட்ட சொல்லியாச்சு."

"வண்டிக்கும் வயசாயிட்டுல்லா," என்றாள் அம்மா. குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

ஏன் குறைகிறது என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது. இதை யாரிடமும் சொல்ல முடியாது. எழுதாமல் வைத்திருந்தால் எங்காவது வாய் தவறிச் சொல்லிவிடுவேன் என்று பயமாக இருக்கிறது. அதனால்தான் எல்லாரும் தூங்கிய பிறகு, பழைய பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். சமையலறை விளக்கைப் போட்டால் அப்பாவின் அறையில் தெரியாது.

நவம்பரில் ஒரு நாள் பள்ளியை மத்தியானமே விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்தால் ஷெட்டில் காரின் பானெட் திறந்திருக்கிறது. அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே குனிந்து, குறடால் எதையோ முறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் குறடு கீழே விழுந்தது.

"அக்காவப் பாத்துட்டு வாரேன். அப்பாட்ட மூச்சு விட்டுறாத."

சக்கரம் ஓடும் கணக்கை மீட்டருக்குக் கொண்டுபோக ஒரு கேபிள் உண்டு. அதைக் கழற்றிவிட்டால் கார் எவ்வளவு தூரம் ஓடினாலும் மீட்டர் நகராது. அம்மாவின் அப்பா திருநெல்வேலியில் மூன்று டாக்ஸி வைத்திருந்தவர். அவருடைய டிரைவர்கள் முதலாளிக்குத் தெரியாமல் தனிச் சவாரி போகும்போது இப்படித்தான் கழற்றுவார்களாம். அம்மா சின்ன வயதில் அதைப் பார்த்திருக்கிறாள். கார் ஓட்டப் பழகியதும் அங்கேதான். அப்பா வேலைக்கு ஆலை பஸ்ஸில் போய்விடுவார். மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் அம்மா காரை எடுக்கலாம். அதற்கு மேல் போனால் மீட்டர் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் செவ்வாய்க்கிழமைதோறும் கேபிளைக் கழற்றிவிட்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டு, வந்ததும் மாட்டிவிடுகிறாள்.

கிலோமீட்டரை மறைத்தவள் பெட்ரோலை மறந்துவிட்டாள்.

ஜனவரி 7, வியாழன்

பள்ளிவிட்டு வந்ததும் காரின் பின்சீட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். செவ்வாய்க்கிழமை போய்வந்த மணல் கால்மிதியில் இருந்தது. கூட்டி எடுத்தேன். ஒரு சிட்டிகையை மட்டும் எறிய மனம் வராமல் ஜியாமெட்ரி பெட்டியில் போட்டுவைத்தேன். அக்கா மிதித்த மணலாகவும் இருக்கலாம்.

அக்கா பெயர் உலகம்மை. வீட்டில் உலகு. போன வருஷத்துக்கு முந்திய கார்த்திகையில் சேவியர் அத்தானோடு போய்விட்டாள். அவர் வேம்பார் போகும் வழியில் ஒரு கடலோர ஊர்க்காரர், ஐஸ் கம்பெனியில் வேலை. வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். அப்பா அன்றைக்குச் சத்தம் போடவில்லை. அக்கா பெயரைச் சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டார்.

ஆடி மாதத்தில் அக்கா ஒரு தடவை போன் செய்தாள். "ஏட்டி செண்பகம், நல்லா இருக்கியா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து ஒரு விரல் வந்து போனைத் துண்டித்தது. மறுநாள் டயலில் பூட்டுப் போட்டாயிற்று. இப்போது எங்கள் போனில் வருகிற அழைப்பை எடுக்கலாம், நாங்கள் யாரையும் கூப்பிட முடியாது. பூட்டை மாட்டிவிட்டு அப்பா சொன்னார்: "இன்னொரு தடவ அந்த வீட்டோட தொடர்புன்னு தெரிஞ்சா, நீங்க ரெண்டு பேரும் அங்கயே போயிருங்க. நான் தனியா இருந்துக்கிடுவேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன். கடையில் சாமான் கேட்பதுபோலச் சொன்னார்.

ஜனவரி 9, சனி

அப்பா ஆலைக்குப் போனதும் அம்மாவிடம் கணக்கைச் சொன்னேன். அக்கா வீட்டுக்குப் போய்வர அறுபது கிலோமீட்டர், மூன்று லிட்டருக்கு மேல் ஆகும். ஒரு டேங்க் தீர்வதற்குள் இரண்டு தடவை போகிறாள். அந்தப் பெட்ரோலுக்கு மீட்டரில் கிலோமீட்டர் இல்லை. பதினெட்டு பன்னிரண்டாகத்தான் தெரியும்.

அம்மா அரிசி களைவதை நிறுத்தினாள்.

"எங்கப்பாட்ட அந்த டிரைவர்மாரு மாட்டிக்கிடவே இல்லயே."

"அவங்க சொந்தக் காசுல பெட்ரோல் போட்டிருப்பாங்கம்மா."

அம்மா கையில் தனியாகப் பணம் கிடையாது. மார்க்கெட்டுக்குக்கூட அப்பா எண்ணித்தான் கொடுப்பார். பங்க்கிலும் எல்லாரும் அப்பாவுக்குத் தெரிந்தவர்கள். பஸ் என்றால் அந்த ஊருக்குக் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. அதில் எங்கள் ஆலைக் குவார்ட்டர்ஸ் ஆட்கள் யாராவது இருப்பார்கள்.

"அப்போ நிறுத்திரலாமாம்மா?" என்று கேட்டேன். கேட்கக்கூடாது என்று தெரிந்தேதான் கேட்டேன்.

"ஆறு மாசம் அவளுக்கு. டாக்டரம்மா படுக்கையவிட்டு எந்திரிக்கக்கூடாதுன்னு சொல்லிருக்காவ. மாமியா இல்லாத வீடு. அந்தப் பையன் விடியக்கருக்கல்ல வேலைக்குப் போயிருதான். நான் போயித்தான் தலை சீவி விடுதேன்."

"என்னையும் ஒரு தடவ கூட்டிட்டுப் போங்கம்மா."

"ரெண்டு பேரும் மாட்டுனா?"

"அக்கா என்னயக் கேக்காளா?"

அம்மா மறுபடி அரிசியைக் களைந்தாள். "போன உடனே ஒன்னயத்தான் கேப்பா," என்றாள்.

ஜனவரி 12, செவ்வாய்

பொங்கலுக்கு இரண்டு நாள் இருக்கிறது. கல்யாணமான பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து பொங்கப்படி போகவேண்டும். போன பொங்கலுக்கு அக்காவுக்கு ஒன்றும் போகவில்லை. அது மனத்தில் கிடந்து உறுத்தியிருக்க வேண்டும், இந்தத் தடவை அம்மா கொண்டுபோயேவிட்டாள். பானை, பச்சரிசி, மஞ்சள்குலை, கரும்பு. கரும்பு காருக்குள் நுழையவில்லை. ஜன்னல் வழியே நீட்டிக்கொண்டு போனால் ஊரே பார்க்கும். மூன்று துண்டாக வெட்டிச் சாக்கில் கட்டிக்கொண்டு போனாள்.

"கரும்ப வெட்டிக் கொண்டாந்தா அது பொங்கப்படியா, கரும்புக் கடையான்னு கேட்டா," என்று அம்மா சொன்னாள். அக்கா அப்படித்தான் கேட்பாள். இரண்டு பேரும் சிரித்தோம். பிறகுதான் கார் முழுக்க மஞ்சள்குலை வாசனை அடிப்பது தெரிந்தது. நான்கு கதவையும் திறந்துவைத்து, டெட்டால் போட்டுத் துடைத்தேன். கரும்புச் சோகை ஒன்று சீட்டுக்கு அடியில் கிடந்தது.

அப்பா வந்து, "ஏன் டெட்டால் வாடை?" என்றார்.

"பூனை," என்றேன்.

ஜனவரி 14, வியாழன்

பொங்கல். நான்கு பேருக்கு வைக்கும் பானையிலேயே அம்மா இந்த வருஷமும் பொங்கல் வைத்தாள். மீந்துபோனது.

ஜனவரி 18, திங்கள்

பள்ளியில் எரிபொருள் சேமிப்புக் கட்டுரைப் போட்டி வைக்கிறார்கள். எல்லாருக்கும் ஒரு பிரசுரம் கொடுத்தார்கள். கார்களில் பெட்ரோலை மிச்சம் பிடிப்பது எப்படி என்று ஒரு பக்கம் முழுக்க இருந்தது. பஸ்ஸிலேயே மூன்று தடவை படித்துவிட்டேன்.

அம்மா போவதை நிறுத்த முடியாது என்றால் காரை இன்னும் நன்றாக ஓடவைக்க வேண்டும். அப்பா ஓட்டும் ஓட்டத்தில் மிச்சம் பிடிப்பது அம்மாவின் ஓட்டத்துக்கு ஈடாகிவிட்டால் போதும். பன்னிரண்டைப் பதினைந்துக்காவது கொண்டுவந்தால் அப்பா விற்கமாட்டார்.

ராத்திரி அப்பாவின் அருகில் போய் நின்று படித்துக் காட்டினேன். டயரில் காற்றுக் குறையக்கூடாது. ஏர் ஃபில்டரில் தூசி சேரக்கூடாது. கிளட்ச் மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டக்கூடாது. நாற்பத்தைந்துக்கு மேல் போகக்கூடாது. தேவையில்லாத பாரத்தை ஏற்றக்கூடாது.

அப்பா பிரசுரத்தை வாங்கி, கண்ணாடி போட்டுப் படித்தார்.

"அச்சுல வந்திருக்கு, சும்மாவா போட்டிருப்பான்," என்றார். "ஞாயித்துக்கெழம ஒண்ணொண்ணா பாப்பம்."

அக்கா போன பிறகு அப்பா என்னிடம் "நாம்" போட்டுப் பேசியது இதுதான் முதல் தடவை. சந்தோஷமாக இருந்தது. அவரை ஏமாற்றுவதற்காகத்தானே படித்துக் காட்டினேன் என்பது படுத்த பிறகுதான் உறைத்தது.

ஜனவரி 21, வியாழன்

அப்பா டேங்க் நிரப்பிக்கொண்டு வந்தார். "பன்னெண்டேதான். இனிமே பாக்கலாம் ஒங்க பிரசுரத்த."

ஜனவரி 24, ஞாயிறு

காலையிலிருந்து அப்பாவும் நானும் காரோடுதான் இருந்தோம். ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினோம். அது வெள்ளை என்றே எனக்கு இன்றுதான் தெரியும். பங்க்கில் நான்கு டயருக்கும் காற்று. வரும்போது பைபாஸில் நாற்பத்தைந்திலேயே ஓட்டினார். உப்பு லாரிகள் எல்லாம் ஹாரன் அடித்துத் தாண்டிப் போயின. ஒரு கிளீனர் எட்டிப்பார்த்து, "அண்ணாச்சி, எறங்கித் தள்ளணுமா?" என்று கத்தினான். அப்பா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். நானும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து டிக்கியைத் திறந்தோம். உடைந்த ஜாக்கி, பழைய பேட்டரி, மழைக்குப் போடும் தார்ப்பாய், பெரியப்பா வீட்டுக்குக் கொண்டுபோன சிமெண்டில் மீந்த அரை மூட்டை, கட்டியாகிப்போனது. ஒவ்வொன்றாக இறக்கினேன். கடைசியில் மூலையில் ஏதோ போர்வையில் சுற்றி, கயிற்றால் கட்டியிருந்தது. தூக்கினால் வரவில்லை. இரும்பு. போர்வையை லேசாக விலக்கினேன்.

அக்காவின் தையல் மெஷின். அடி ஸ்டாண்டு இல்லாமல் மேல்பாகம் மட்டும். அதில்தான் என் பாவாடை சட்டையெல்லாம் தைத்தாள். அக்கா போன மறுநாளே அப்பா அதைக் கழற்றிக்கொண்டு போனார். பழைய இரும்புக் கடையில் போட்டிருப்பார் என்று நினைத்திருந்தோம்.

"இதுதாம்ப்பா இருக்கதுலயே கனம்," என்றேன்.

அப்பா ஏர் ஃபில்டர் மூடியின் திருகை முறுக்கிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"அது கெடக்கட்டும்."

"பாரம் இருந்தா மைலேஜ்..."

"கெடக்கட்டும்னு சொன்னேன்லா."

போர்வையை மூடிவிட்டேன். அப்பாவுக்கு ஏன் கோபம் வந்தது என்று தெரியவில்லை. சிமெண்டு மூட்டைக்குக்கூட ஒன்றும் சொல்லாதவர். பிறகுதான் இன்னொன்று தோன்றியது. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அந்த மெஷின் அக்கா வாசல்வரைக்கும் போய்த் திரும்பி வந்திருக்கிறது.

ஜனவரி 26, செவ்வாய்

குடியரசு தினம். அப்பா வீட்டில் இருந்தார். அம்மாவால் போக முடியவில்லை. மூன்று தடவை வாசலுக்குப் போய் ரோட்டைப் பார்த்துவிட்டு வந்தாள்.

பிப்ரவரி 1, திங்கள்

இன்று நான் செய்ததை எழுதியே ஆகவேண்டும்.

அப்பா இந்த வாரம் டேங்க் நிரப்புவார். பிரசுரத்தில் உள்ள எல்லாவற்றையும் செய்தாலும் லிட்டருக்கு ஒன்று, ஒன்றரைதான் கூடும் என்று கட்டுரைக்காகக் கணக்குப் போட்டபோது புரிந்தது. காற்றும் ஏர் ஃபில்டரும் அக்கா வீட்டு ரோட்டுக்கு ஈடாகாது. போன வாரம் அம்மா போகவில்லை. நாளைக்கும் போகாவிட்டால் இந்த டேங்கில் ஒரு குறையும் தெரியாது. அப்பா காரை விற்கிற பேச்சை விட்டுவிடுவார்.

"நாளைக்கு மட்டும் போவாதீங்கம்மா," என்றேன். "ஒரே ஒரு டேங்க். அப்பா நம்பிட்டா அப்புறம் எத்தன தடவ வேணும்னாலும் போலாம்."

"வருவேன்னு சொல்லிட்டு வந்தேனே."

"வண்டியே இல்லன்னா எப்படிப் போவீங்க?"

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் என் குரல் அப்பாவின் குரல்போல இருந்தது.

பிப்ரவரி 2, செவ்வாய்

அம்மா போகவில்லை.

பிப்ரவரி 4, வியாழன்

அப்பா தூத்துக்குடி டவுனிலிருந்து மக்ரூன் வாங்கிவந்தார். வாசலில் இருந்தே, "பத்தொம்பது," என்றார். ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்த பக்கத்துவீட்டுப் பரமசிவம் மாமாவை நிறுத்திச் சொன்னார்: "புள்ள ஒரு நோட்டீஸ் கொண்டாந்து வாசிச்சா. காத்தும் ஃபில்டரும்தான். நாம கவனிக்கல, அவ கவனிச்சிட்டா."

"கெட்டிக்காரிதாம். எங்க வீட்டுப் பயலும் நோட்டீஸ் கொண்டாந்தான், அதுல கப்பல் செஞ்சு விட்டுட்டான்," என்றார் மாமா.

அப்பா என் தலையில் கை வைத்தார். ஒரு நொடிதான்.

மக்ரூன் வாயில் கரைந்துவிடும். இன்று கரையவில்லை. அம்மாவுக்கு அப்பா இரண்டு எடுத்துக் கொடுத்தார். அவள் டப்பாவிலேயே திரும்ப வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 5, வெள்ளி

கட்டுரைப் போட்டியில் எனக்கு மூன்றாம் பரிசு. வீட்டில் சொல்லவில்லை.

பிப்ரவரி 6, சனி

சாயங்காலம் போன் அடித்தது. அப்பாதான் எடுத்தார். "அலோ" என்றார். எதிர்ப்பக்கம் ஒரு ஆண் குரல் பேசுவது நான் நின்ற இடம்வரை இரைச்சலாகக் கேட்டது. அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாக வைத்தார். வைத்த பிறகும் கையை எடுக்கவில்லை.

"யாரு?" என்றாள் அம்மா.

"ராங் நம்பர்."

ராங் நம்பர்காரர்கள் அவ்வளவு நேரம் பேசுவார்களா என்று தெரியவில்லை. அப்பா ராத்திரி சாப்பிடவில்லை, வயிறு சரியில்லை என்றார்.

பிப்ரவரி 9, செவ்வாய்

அம்மா போய்வந்தாள். நான் பள்ளியிலிருந்து வந்தபோது புறவாசலில் உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது.

போன செவ்வாய்க்கிழமை, அம்மா வரவில்லையே என்று அக்கா எழுந்து வாசலுக்கு வாசலுக்குப் போய்ப் பார்த்திருக்கிறாள். படுத்தே கிடக்கவேண்டியவள். சாயங்காலம் ரத்தம் பட்டிருக்கிறது. நான்கு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்களாம். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றைக்குத்தான் அந்த ராங் நம்பர் வந்தது.

"ஒஞ் சொல்லக் கேட்டு நான் போவாம இருந்தேன் பாரு," என்றாள் அம்மா. அதைவிடத் திட்டியிருக்கலாம்.

நான் காருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வெளியே சத்தம் கேட்காது. பத்தொன்பதுக்காகச் சந்தோஷப்பட்ட அந்த ஒரு நொடியை எப்படி அழிப்பது என்று தெரியவில்லை.

பிப்ரவரி 10, புதன்

அம்மா வெள்ளிக்கிழமையும் போகப்போவதாகச் சொன்னாள். "வண்டி போனா போவுது. இருக்கவரைக்கும் போறேன்."

நான் சரி என்றேன்.

பிப்ரவரி 18, வியாழன்

பதினொன்று.

அப்பா கோபப்படவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பிரசுரத்தை எடுத்து மறுபடியும் முதலிலிருந்து படித்தார். "எல்லாம் செஞ்சோமேட்டி. இதுல எத விட்டோம்?" என்று என்னைக் கேட்டார். ஒரு வரியில் சொல்லிவிடலாம். சொன்னால் அம்மாவையும் என்னையும் அங்கேயே போய்விடச் சொல்வார். சொல்லாவிட்டால் கார் போய்விடும், அக்கா வாசலுக்கு வாசலுக்கு வந்து பார்ப்பாள்.

"தெரியலப்பா," என்றேன்.

"ஞாயித்துக்கெழம மெக்கானிக்ட்ட காட்டுவம். அங்கயும் சரியாவலன்னா திங்கக்கெழம புரோக்கர் வாரான்."

பிப்ரவரி 21, ஞாயிறு

பிச்சுமணி மெக்கானிக் பட்டறைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். "பிரசுரம் வாசிச்ச ஆளு வரணும்லா," என்றார். வராமல் இருக்க எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

பிச்சுமணி அண்ணன் பேசிக்கொண்டே வேலை செய்கிறவர். பிளக்கைக் கழற்றிப் பார்த்தார், கார்புரேட்டரைப் பார்த்தார், பெட்ரோல் குழாயைத் தடவி முகர்ந்தார். "வண்டி சுத்தபத்தமா இருக்கு அண்ணாச்சி. கொற இருந்தா கணக்குலதான் இருக்கும்," என்றார்.

"எங் கணக்கு தப்பாது."

"அப்போ மீட்டரு தப்பும்," என்று சொல்லிக்கொண்டே கையை உள்ளே விட்டார். நான் ஸ்டெப்னியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் கேபிள் முனையை விரலால் திருகிப் பார்த்தார். டார்ச் அடித்தார். பிறகு சிரித்தார்.

"அண்ணாச்சி, இங்கன பாருங்க. நட்டு பூரா குறடு கடிச்ச தடம். இத அடிக்கடி கழத்தி மாட்டிருக்கு. யாரோ ஒங்களுக்குத் தெரியாம சவாரி அடிக்காவ. வீட்டுல டிரைவரு எவனும் வச்சிருக்கீயளா?"

பட்டறையில் டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா குனிந்து நட்டைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் முகத்தில் எல்லாமே எழுதியிருந்திருக்கும்.

"நாந்தாம் கழத்துனேன்," என்றார்.

"நீங்களா?"

"சத்தம் வந்துச்சு. கிரீஸ் போடக் கழத்துனேன். ரெண்டு மூணு தடவ."

"குறட்டவச்சா கழத்துவாவ? கைவெரலே போதுமே அண்ணாச்சி."

"எனக்கு அந்த வேல தெரியாதுல்லா."

தெரியாது என்று அப்பா சொல்லி நான் கேட்டதில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நாற்பத்தைந்திலேயே ஓட்டினார். நான் கதவின் பிடியை விடவே இல்லை. ஷெட்டில் நிறுத்திய பிறகு, "உள்ள போ," என்றார். அவர் காரிலேயே உட்கார்ந்திருந்தார். விளக்கு வைத்த பிறகுதான் வந்தார்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் இரண்டு பேருக்கும் துணி எடுத்து ஒரு பையில் வைத்துவிட்டுப் படுத்திருக்கிறாள். தூங்கவில்லை என்று இங்கிருந்தே தெரிகிறது.

பிப்ரவரி 22, திங்கள்

காலையில் புரோக்கர் வந்தார். அப்பா அவரை வாசலிலேயே நிறுத்தி, "வண்டி கொடுக்கதுக்கு இல்ல," என்றார். "ஏன் அண்ணாச்சி, நல்ல பார்ட்டி," என்று அவர் இழுத்தார். "இல்லன்னா இல்லதான்," என்று சொல்லிவிட்டு ஆலை பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

பகலெல்லாம் அம்மாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்தோம். நான் பள்ளிக்குப் போகவில்லை.

ராத்திரி அப்பா மோர்விட்டுப் பிசைந்துகொண்டே, அம்மாவைப் பார்க்காமல் சொன்னார்:

"கேபிளக் கழத்திக் கழத்தி மாட்டாத. மரை தேஞ்சிரும்."

அம்மா கையில் ஊறுகாய்ப் பாட்டில் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாததுபோல நின்றாள்.

"ஓடுறது ஓடுனதாவே காட்டட்டும்," என்றார். "ஊறுகா."

அம்மா பரிமாறினாள். அவ்வளவுதான். அக்கா பெயரை அவர் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை. அப்பா கை கழுவிவிட்டுச் செய்தி கேட்க ரேடியோவைத் திருப்பினார். அம்மா அடுக்களையில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு ரொம்ப நேரம் பாத்திரம் தேய்த்தாள். இரண்டு தட்டும் ஒரு குழம்புச் சட்டியும்தான் இருந்தன.

பிப்ரவரி 27, சனி

அம்மா எட்டரை மணிக்கு, "ஸ்கூல் இல்லேல்ல? கெளம்பு," என்றாள். அப்பா அப்போதுதான் வேலைக்குப் போயிருந்தார். அவரிடம் கேட்டாளா என்று நான் கேட்கவில்லை.

வழி நெடுக மீட்டரைப் பார்த்துக்கொண்டே போனேன். கடைசி எண் மெதுவாக உருண்டு மேலே ஏறும், அடுத்தது வரும். அக்கா வீட்டுக்குப் போகும் ரோட்டில் எங்கள் கார் முதல் தடவையாக ஓடுகிறது என்று யாராவது மீட்டரைப் பார்த்தால் நினைப்பார்கள். உப்பளம் முடிந்து உடைமரக்காடு வந்தது. பிறகு ஒரு பக்கம் முழுக்கக் கடல். அக்காவிடம் முதலில் என்ன சொல்வது என்று யோசித்து யோசித்து ஒன்றும் கிடைக்கவில்லை. பிப்ரவரி இரண்டாம் தேதி அம்மா ஏன் வரவில்லை என்று அவளுக்குத் தெரியுமா என்பதே மனத்தில் ஓடியது.

ஓட்டுவீடு. கார் போய் நின்றதும் இன்றைக்கு லீவில் இருந்த சேவியர் அத்தான் வெளியே வந்தார். போட்டோவில் பார்த்ததைவிடக் கறுப்பு. "வா செண்பகம். தெனமும் ஒன்னயத்தான் கேப்பா அவ," என்றார். "நீயே வந்து என்னன்னு கேளு."

அக்கா நிலையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வயிறு இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. கழுத்து மெலிந்துபோயிருந்தது. என் தாடையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள்.

"வளந்துட்டியேட்டி. பாவாடை எல்லாம் கணுக்காலுக்கு மேல நிக்கி. யாரு தச்சது?"

"டெய்லர்," என்றேன்.

"மடிப்பே சரியில்ல," என்றாள். உடனே அழுதோம். அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். "அம்மா சொல்லிட்டா. விடு," என்று என் வாயைப் பொத்தினாள். கையில் வேப்பெண்ணெய் வாசம் அடித்தது.

பிறகு என்னை விட்டுவிட்டு மெதுவாகக் காரிடம் போனாள். அம்மா இறங்கியிருந்தாள், ஆனால் எஞ்சினை அணைக்கவில்லை. நான் அணைக்கப் போனபோது அம்மா என் கையைப் பிடித்து, "இருக்கட்டும்," என்றாள்.

அக்கா ஸ்டியரிங் பக்கத்துக் கதவைத் திறந்து, அப்பா உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள். வயிறு ஸ்டியரிங்கில் இடித்தது. சாய்ந்துகொண்டாள். கியர் தண்டின் மேல் உள்ளங்கையை வைத்தாள். அது நடுங்கிக்கொண்டிருந்தது.

"ஒவ்வொரு தடவையும் இப்படித்தானாம், படுன்னாலும் கேக்கமாட்டாளாம்," என்று அத்தான் எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். "உங்க அம்மா வந்த சந்தோசம்கூட ரெண்டாவதுதான்."

நான் போய்க் கதவருகே நின்றேன். அக்கா கண்ணை மூடியிருந்தாள்.

"காலேஜுக்குக் கொண்டுவிடும்போது அப்பா வெளிய வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டு நிப்பாவ, ஞாவகம் இருக்கா?" என்றாள். "நான் சடை பின்னி, பூ வச்சு, டிபன் பாக்ஸ் எடுத்து வார வரைக்கும் அணைக்கவே மாட்டாவ. அம்மா வாசல்ல நின்னு, பெட்ரோல் போவுது பெட்ரோல் போவுதுன்னு கத்துவா. அதெல்லாம் காதுலயே விழாது அவுகளுக்கு."

எனக்கு அது ஞாபகம் இல்லை. அந்த நேரத்தில் நான் தூங்கிக்கொண்டிருந்திருப்பேன்.

அத்தான் ஸ்டூலை எடுத்துவந்து அம்மாவுக்குப் போட்டார். கடல் சத்தமும் எஞ்சின் சத்தமும் மட்டும் கேட்டன. எவ்வளவு நேரம் அப்படி ஓடியது என்று நான் பார்க்கவில்லை.

நிற்கிற வண்டி ஓடிக்கொண்டிருந்தால் அந்தப் பெட்ரோலுக்கு மீட்டரில் ஒரு எண்ணும் வராது. இந்தத் தடவை டேங்க் நிரப்பும்போது அப்பா கழித்து வகுத்துப் பார்ப்பார். பதினெட்டு வராது. கொஞ்சம் குறையும். எதில் குறைகிறது என்று என்னைக் கேட்பார்.

கேட்டால் சொல்லிவிடுவேன்.